மருத்துவமனையில் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களைக் கண்காணிப்பது எப்படி?

சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ள ஒருவருக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த ஐந்தாம் நாள் இரவில் காய்ச்சல் கண்டு இரத்த அழுத்தமும் சரிந்தால், பணியிலிருக்கும் மருத்துவர் ஒரு மணி நேரத்துக்குள் ஓர் ஆன்டிபயாட்டிக்கைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இரத்தக் கல்ச்சரின், அதாவது இரத்தத்திலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனையின், முழு முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை அவர் நம்பியிருக்கக்கூடியது, இந்த மருத்துவமனையில், இந்தப் பிரிவில், இப்போது எந்தக் கிருமிகள் உலவுகின்றன, அவை எந்த மருந்துக்குக் கட்டுப்படுகின்றன என்ற அறிவு ஒன்றுதான். பாடநூலிலோ வேறொரு நகரத்தின் ஆய்விலோ அந்த அறிவு கிடைக்காது. அந்த மருத்துவமனையே தன் நோயாளிகளிடமிருந்து நாள்தோறும் திரட்டிக்கொள்ள வேண்டிய அறிவு அது.

மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தனர் என்றும், அத்தகைய தொற்று இருந்த நிலையில் இறந்தவர்களின் எண்ணிக்கை சுமார் 49.5 லட்சம் என்றும் 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. நமக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. பிற மருந்துகள் தோற்கும்போது தரப்படும் கார்பபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாட்டிக் வகையைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில் இடம்பெற்ற கிருமிகளில் 44 சென்னையிலிருந்து கிடைத்தவை. 2012 ஆகஸ்ட் 24 அன்று இந்திய மருத்துவச் சங்கங்கள் பல கூடி, மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்துவதற்கான செயல்திட்டத்தை வகுத்ததும் சென்னையில்தான். சென்னைப் பிரகடனம் என்றே அது அறியப்படுகிறது. ஆனாலும், நோயாளிகள் நிறைந்த பல நடுத்தர மருத்துவமனைகளில், நேற்று வளர்ந்த கிருமி எது என்று கேட்டால் லேப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு என்ன வளர்ந்தது என்று கேட்டால் பதிலே கிடைப்பதில்லை.

நூறு முதல் முந்நூறு படுக்கைகளும், கல்ச்சர் செய்யும் வசதியுள்ள ஒரு லேபும், ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவும் கொண்ட மருத்துவமனையை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமில்லை. ஒழுங்காக எண்ணுவதும், எண்ணியதை உரியவரிடம் சேர்ப்பதும் கட்டாயம்.

பொறுப்பாளர்கள்

கண்காணிப்பு ஒரு குழுவின் பெயரில் இருந்தால் மட்டும் நடக்காது. ஒருவருடைய அன்றாட வேலையாக இருந்தால்தான் நடக்கும். நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவர், தீவிர சிகிச்சை அல்லது பொது மருத்துவத் துறையின் மூத்த மருத்துவர் ஒருவர், மருந்தகப் பொறுப்பாளர், நிர்வாகத்தின் பிரதிநிதி ஆகியோர் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் இருக்கட்டும். ஆனால் வேலையின் அச்சாணி, முழுநேரத் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர். அவரை ஆள் குறையும்போதெல்லாம் வார்டுப் பணிக்கு இழுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் தொடர்ந்தால் கீழே சொல்லப்போகும் எதுவும் நிலைக்காது. அமெரிக்காவில் 1970களில் தொடங்கி 1985இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வு, 250 படுக்கைகளுக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரும், பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும், முறையான கண்காணிப்பும், அறுவை சிகிச்சைத் தொற்று விகிதங்களை அந்தந்த அறுவை மருத்துவரிடமே தெரிவிக்கும் நடைமுறையும் இருந்த மருத்துவமனைகளில் தொற்றுகள் சுமார் 32 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. நிர்வாகத்திடம் இந்தப் பணியிடத்தைக் கேட்கும்போது இந்த ஆய்வை எடுத்துச் சொல்லலாம்.

மாதிரி எடுப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது

மருந்து எதிர்ப்பைப் பற்றிய ஒரு மருத்துவமனையின் எல்லாப் புள்ளிவிவரங்களும் வார்டில் ஒருவர் எடுத்த மாதிரியின் தரத்தைத் தாண்ட முடியாது. ஆகவே முதல் விதி: ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சர் எடுக்க வேண்டும். நோயாளி மிக மோசமான நிலையில் இருந்தால் மருந்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்பது உண்மை. ஆனால் இரத்தம் எடுக்கச் சில நிமிடங்களே போதும். பாட்டில்களும் ஊசிகளும் கிருமிநாசினியும் ஒரே தட்டில் ஆயத்தமாக இருந்தால் அந்த நிமிடங்கள் எளிதில் கிடைத்துவிடும். அவசரப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அத்தகைய தட்டு எப்போதும் நிரம்பியிருப்பதை உறுதிசெய்யுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் இரத்தம் தேவை. இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிலிட்டரை மட்டும் விட்டு அனுப்பினால், இரத்தத்தில் குறைவாக இருக்கும் கிருமி வளராமலே போகக்கூடும். தோலைக் குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் துடைத்து, அது உலரும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் குத்துவதால்தான் தோலில் இயல்பாக வாழும் கிருமிகள் பாட்டிலுக்குள் போய் நோய்க்கிருமிபோல் தோன்றுகின்றன. இப்படி மாசுபட்ட கல்ச்சர்கள் மொத்தத்தில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். மாதந்தோறும் இதை வார்டு வாரியாகக் கணக்கிடுங்கள். எந்த வார்டில் கூடுகிறதோ அங்கே குற்றம் சாட்டப் போகாமல், மாதிரி எடுக்கும் முறையை ஒருமுறை செய்து காட்டப் போனால் பெரும்பாலும் அடுத்த மாதமே எண் இறங்கும். இரத்தக் கல்ச்சர் பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதை இரவுப் பணியாளர்களுக்கு மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

சிறுநீர் மாதிரி இதற்கு நேர்மாறானது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வழியில்லையென்றால் அதைக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் பாத்திரத்துக்குள்ளேயே கிருமிகள் பெருகி, இல்லாத தொற்று இருப்பதுபோல் காட்டும். சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்களிடம் பையிலிருந்து ஒருபோதும் மாதிரி எடுக்காமல், குழாயில் அதற்கென உள்ள இடத்தைத் துடைத்துவிட்டு ஊசியால் எடுக்க வேண்டும். சளி மாதிரியில் உமிழ்நீர் மிகுந்திருந்தால், கிராம் சாயம் இட்டு நுண்ணோக்கியில் பார்த்த உடனேயே அதை நிராகரித்து வேறு மாதிரி கேட்கும் உரிமை லேபுக்கு இருக்க வேண்டும். பல மருத்துவமனைகளில் லேப் பணியாளர்கள் அப்படித் திருப்பி அனுப்பத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவது மூத்த மருத்துவர்களின் கையில் இருக்கிறது.

மாதிரி அனுப்பும் பழக்கத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கண்காணிப்பைப் பெரிதும் ஏமாற்றுவது இதுதான். சில இடங்களில் கல்ச்சர் செலவு நோயாளியின் தலையில் விழும் என்பதால் மருத்துவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு முதலிலேயே வீரியமான மருந்தைத் தொடங்குகிறார்கள். அங்கே எதிர்ப்புக் கிருமிகள் குறைவாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் யாரும் தேடவில்லை என்பதே காரணம். வேறு சில இடங்களில் முதல் மருந்தும் இரண்டாம் மருந்தும் தோற்ற பிறகே கல்ச்சர் அனுப்பப்படுகிறது. அங்கே எளிய மருந்துகளுக்குக் கட்டுப்படும் கிருமிகள் கணக்கிலேயே வராமல், வளர்வதெல்லாம் எதிர்ப்புக் கிருமியாகத் தெரியும். அதை நம்பி மருத்துவர்கள் இன்னும் வீரியமான மருந்தை எல்லாருக்கும் முதலிலேயே கொடுப்பார்கள், எதிர்ப்பு உண்மையாகவே வளரும். ஆகவே எதிர்ப்பு விகிதத்தைக் கணக்கிடும் முன்பே, ஆயிரம் நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் அது ஒரு நோயாளி நாள்) எத்தனை இரத்தக் கல்ச்சர்கள் அனுப்பப்பட்டன, ஆன்டிபயாட்டிக் ஊசி தொடங்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அதற்கு முன் கல்ச்சர் எடுக்கப்பட்டது என்ற இரண்டு எண்களையும் பதியத் தொடங்குங்கள். இந்த இரண்டும் இல்லாத எந்த எதிர்ப்புப் புள்ளிவிவரத்தையும் நான் நம்பமாட்டேன்.

லேபின் நம்பகத்தன்மை

டிஸ்க் முறையில், அதாவது கிருமி பூசிய ஊடகத்தின் மேல் மருந்து தோய்ந்த வில்லைகளை வைத்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்று பார்க்கும் லேபில் சிறு சறுக்கல்களும் பெரிய பொய்களாகும். முல்லர்-ஹின்டன் அகார் என்ற அந்த ஊடகம் 4 மில்லிமீட்டர் தடிமனில் இருக்க வேண்டும். அதைவிடத் தடித்தாலோ, கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற திட்டக் கலங்கல் அளவைவிடக் கலங்கலாக இருந்தாலோ மருந்தைச் சுற்றிய தெளிந்த வட்டம் சுருங்கி, கட்டுப்படும் கிருமியும் எதிர்ப்பதாகத் தெரியும். மின்தடையில் டிஸ்க்குகள் சூடானாலும், பாட்டில் அறை வெப்பத்துக்கு வரும் முன் திறந்து ஈரம் படிந்தாலும் அதே விளைவுதான். இந்தப் பிழைகளைப் பிடிக்க ஒரே வழி, இயல்பு முன்பே தெரிந்த தரக் கட்டுப்பாட்டுக் கிருமிகளை முறையாகச் சோதிப்பது: ஈ.கோலைக்கு ஏ.டி.சி.சி. (அமெரிக்கக் கிருமிச் சேமிப்பகம்) எண் 25922, சூடோமோனஸுக்கு 27853, டிஸ்க் முறையில் ஸ்டஃபைலோகாக்கஸுக்கு 25923. அவற்றின் வட்ட அளவு எல்லை தாண்டிய நாளில் நோயாளிகளின் முடிவையும் வெளியிடக் கூடாது.

வியப்பூட்டும் முடிவு எதுவாக இருந்தாலும் அதை வெளியிடும் முன் மீண்டும் சோதியுங்கள். வான்கோமைசினை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஆம்பிசிலினுக்குக் கட்டுப்படும் கிளெப்சியெல்லா, கொலிஸ்டினுக்குக் கட்டுப்படும் புரோட்டியஸ் ஆகியவை பெரும்பாலும் கிருமியை அடையாளம் காண்பதிலோ சோதனையிலோ நேர்ந்த பிழையையே காட்டுகின்றன. கொலிஸ்டினை டிஸ்க்கில் பார்ப்பதை அடியோடு நிறுத்துங்கள். அந்த மருந்து அகாரில் சரியாகப் பரவாது, முடிவு நம்பத்தக்கதன்று. திரவ ஊடகத்தில் நீர்த்துச் செய்யும் முறையே ஏற்கத்தக்கது. அந்த வசதி இல்லையென்றால் கிருமியைப் பெரிய மையத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசிப் புகலிடமான ஒரு மருந்து வேலை செய்யும் என்று தவறாகச் சொல்லிவிடுவது உயிரோடு விளையாடுவது.

ஆன்டிபயோகிராம் தயாரித்தல்

ஓர் ஆண்டில் வளர்ந்த ஒவ்வொரு கிருமியும் ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை சதவீதம் கட்டுப்பட்டது என்று காட்டும் அட்டவணையே ஆன்டிபயோகிராம். இதற்குப் பாஸ்டனிலுள்ள பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் உருவாகி உலக நாடுகள் பலவும் பயன்படுத்தும் ஹூநெட் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரணக் கணினியில் ஓடும். ஒவ்வொரு கல்ச்சருக்கும் நோயாளி எண், வயது, வார்டு, சேர்ந்த தேதி, மாதிரி எடுத்த தேதி, மாதிரி வகை, கிருமி, மருந்துவாரி அளவீடு ஆகியவை பதியப்பட வேண்டும். வட்டத்தின் மில்லிமீட்டர் அளவையே பதியுங்கள். கட்டுப்படும் அல்லது எதிர்க்கும் என்ற சொல்லை மட்டும் பதிந்தால், பின்னால் அளவுகோல்கள் மாறும்போது பழைய தரவுகளைத் திரும்பக் கணக்கிட முடியாமல் போகும்.

கணக்கிடும்போது, ஒரு நோயாளியிடம் ஓர் ஆண்டில் எத்தனை முறை ஒரே கிருமி வளர்ந்தாலும் முதல் முறை வளர்ந்ததை மட்டுமே சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 40 பேரிடம் கிளெப்சியெல்லா வளர்ந்தது, அவர்களில் 24 பேரின் கிருமி கார்பபெனெம் வகையைச் சேர்ந்த மெரோபெனெமுக்குக் கட்டுப்பட்டது என்று கொள்வோம். கட்டுப்படும் விகிதம் 60 சதவீதம். அந்த 40 பேரில், எதிர்ப்புக் கிருமியோடு மூன்று மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த ஒருவரிடம் அது 11 முறை வளர்ந்திருந்து, அத்தனையையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் 50 ஆகி, விகிதம் 48 சதவீதமாக இறங்கிவிடும். ஒரே ஒருவரின் துயரம் மருத்துவமனை முழுவதன் மருந்துத் தேர்வையும் மாற்றிவிடும் அளவுக்கு இந்தப் பிழை பெரியது.

ஒரு கிருமிக்கு 30 நோயாளிகளின் வளர்ப்பாவது இல்லையென்றால் சதவீதம் போடாதீர்கள். நான்கில் மூன்று என்பதை 75 சதவீதம் என்று எழுதுவது படிப்பவரைத் தவறான வழியில் செலுத்தும். எண்ணிக்கை குறைந்த கிருமிகளுக்கு இரண்டு ஆண்டுத் தரவைச் சேர்க்கலாம், அதை அட்டவணையின் கீழே குறிப்பிட வேண்டும். நோய் அறிகுறி இல்லாதவர்களிடம் கிருமி இருக்கிறதா என்று பார்க்க எடுத்த மாதிரிகளை இதில் கலக்கக் கூடாது. முதல்நிலை மருந்துகளை எதிர்த்த கிருமிகளுக்கு மட்டும் சோதிக்கப்பட்ட மருந்துகளின் விகிதமும் எல்லாக் கிருமிகளுக்கும் பொருந்தாது; அதை அட்டவணையில் சேர்த்தால் அந்த மருந்து மோசமானதாகத் தெரியும்.

அடுத்ததாக, முழு மருத்துவமனைக்கும் ஒரே அட்டவணை போட்டு நிறுத்திவிடாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு, உள்நோயாளி வார்டுகள், வெளிநோயாளிகள் என்று மூன்றாகவும், சிறுநீர்க் கிருமிகளைத் தனியாகவும் பிரியுங்கள். வீட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் எளிய சிறுநீர்த் தொற்றுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் எண்களைப் பார்த்து மருந்து எழுதினால், ஊசி தேவைப்படாத இடத்தில் கார்பபெனெம் ஏறும். நைட்ரோஃபுரான்டோயின் போன்ற பழைய வாய்வழி மருந்து சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் ஈ.கோலைக்கு எதிராக நம் நாட்டில் இன்னும் நன்றாகவே நிற்கிறது. வெளிநோயாளி அட்டவணை தனியாக இருக்கும்போதுதான் மருத்துவருக்கு அது கண்ணில் படும்.

தொற்று விகிதம்: வகுக்கும் எண்ணாக வர வேண்டியது

இந்த மாதம் வென்டிலேட்டர் நிமோனியா ஆறு பேருக்கு வந்தது, சென்ற மாதம் நான்கு பேருக்குத்தான் வந்தது என்று கூட்டத்தில் சொன்னால் எல்லாரும் கவலைப்படுவார்கள். ஆனால் சென்ற மாதம் மொத்தம் 400 வென்டிலேட்டர் நாட்கள், இந்த மாதம் 800 என்றால், விகிதம் ஆயிரம் வென்டிலேட்டர் நாட்களுக்கு 10இலிருந்து 7.5 ஆகக் குறைந்திருக்கிறது. வகுக்கும் எண் இல்லாத எண்ணிக்கை வீண் பீதியையும் வீண் நிம்மதியையும் மாறி மாறித் தரும். அந்த எண்ணைப் பெறுவது எளிது: நாள்தோறும் ஒரே நேரத்தில், வார்டில் எத்தனை நோயாளிகள், அவர்களில் எத்தனை பேருக்கு வென்டிலேட்டர், எத்தனை பேருக்கு சென்ட்ரல் லைன் (பெரிய இரத்த நாளத்தில் செருகிய குழாய்), எத்தனை பேருக்குச் சிறுநீர்க் குழாய் என்று நான்கு எண்களை ஒரு தாளில் எழுதினால் போதும். ஒருவருக்கு இரண்டு சென்ட்ரல் லைன் இருந்தாலும் அன்றைக்கு அது ஒரு சென்ட்ரல் லைன் நாள்தான்.

மருத்துவமனையில் தொற்றியது எது என்பதற்கு ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து மாறாதீர்கள். பொதுவாக, சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பின் தொடங்கியதை மருத்துவமனைத் தொற்றாகக் கொள்வார்கள். கருவி சார்ந்த தொற்றுக்கு அந்தக் கருவி இரண்டு நாட்களுக்கு மேல் உடலில் இருந்திருக்க வேண்டும். இங்கே கிருமி வளர்வதையும் தொற்று நோயையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பல நாட்கள் குழாய் பொருத்தியவரின் சிறுநீரிலும், தொண்டைத் துளை உள்ளவரின் சளியிலும் கிருமி குடியிருப்பது இயல்பு. காய்ச்சலோ பிற அறிகுறிகளோ இல்லாதபோது அதற்கு மருந்து கொடுத்தால் நோயாளிக்கு நன்மை எதுவும் விளையாது, எதிர்ப்பு மட்டும் வளரும்.

இந்த எண்களுக்குப் பலன் உண்டா என்று ஐயப்படுவோர் இங்கிலாந்தைப் பார்க்கலாம். எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் மெதிசிலின் எதிர்ப்பு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இரத்தத்தில் கலந்த ஒவ்வொரு நிகழ்வையும் அரசு மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அங்கே 2001இல் வந்தது. 2008க்குள் அதைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2004இல் இலக்கு வைக்கப்பட்டது, இலக்கும் எட்டப்பட்டது. கை சுத்தமும் குழாய்ப் பராமரிப்பும் அதைச் சாதித்தன என்றாலும், எண்கள் வெளிப்படையாக வந்ததால்தான் அவற்றின் மீது எல்லாருடைய கவனமும் திரும்பியது.

ஒரே கிருமி இருவரிடம் தோன்றினால்

ஒரே வார்டில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் ஒரே கிருமி, ஒரே எதிர்ப்பு வடிவத்தோடு வளர்ந்தால், தற்செயல் என்று விட்டுவிடாமல் அன்றே விசாரிக்கத் தொடங்க வேண்டும். இதைக் கவனிக்கும் பொறுப்பை லேபில் பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் ஒப்படையுங்கள். கார்பபெனெம் எதிர்ப்புக் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனஸ், எம்.ஆர்.எஸ்.ஏ., வான்கோமைசின் எதிர்ப்பு என்டெரோகாக்கஸ் ஆகியவை வளர்ந்த ஒவ்வொரு முறையும் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியருக்குத் தொலைபேசியில் தகவல் போக வேண்டும். என்.டி.எம். போன்ற மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக ஒரு கிருமி வகையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை என்பதால், ஒருவரிடம் கிளெப்சியெல்லாவும் பக்கத்துப் படுக்கையில் ஈ.கோலையும் ஒரே எதிர்ப்பைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

விசாரணையின் முதல் கருவி ஒரு பட்டியல். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: சேர்ந்த தேதி, படுத்திருந்த படுக்கைகள், எந்தெந்த நாளில் எங்கே மாற்றப்பட்டார், செய்யப்பட்ட அறுவை சிகிச்சைகள், பொருத்தப்பட்ட கருவிகள், பெற்ற மருந்துகள், கிருமி முதலில் வளர்ந்த தேதி. இந்தப் பட்டியலை ஒரு மேசையில் விரித்துவைத்துப் பார்த்தால், பொதுவாக இருந்த படுக்கையோ, எக்ஸ்ரே கருவியோ, ஒரே அறுவை அரங்கோ பல சமயம் தானாகவே தெரியவரும். பலருக்குப் பொதுவாகப் பயன்பட்ட சலைன் பாட்டில், பல டோஸ் மருந்துக் குப்பி, அல்ட்ராசவுண்ட் ஜெல், நெபுலைசர், ஈரப்பதமூட்டியில் ஊற்றும் நீர், கை கழுவும் தொட்டியின் வடிகால் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள்; பர்கோல்டேரியா செபேசியா போன்ற கிருமி பலரிடம் ஒன்றாகத் தோன்றினால் பெரும்பாலும் ஏதோ ஒரு திரவம் மாசுபட்டிருக்கிறது. மாறாக, எந்தக் கேள்வியும் இல்லாமல் மாதந்தோறும் சுவரையும் தரையையும் துடைத்து மாதிரி எடுப்பது பணத்தையும் லேப் பணியாளர்களின் உழைப்பையும் வீணாக்கும் பழக்கம். பட்டியல் சுட்டும் இடத்தில் மட்டும் மாதிரி எடுங்கள்.

2011இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனையில் நடந்தது, வசதி மிக்க இடத்திலும் இது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகிறது. வேறு மருத்துவமனையிலிருந்து கார்பபெனெம் எதிர்ப்புக் கிளெப்சியெல்லாவோடு வந்த ஒரு நோயாளியைத் தனிமைப்படுத்திப் பார்த்தார்கள். அவர் வீடு திரும்பிச் சில வாரங்கள் கழிந்த பிறகே இரண்டாவது நோயாளியிடம் கிருமி தோன்றியது. மொத்தம் 18 பேரிடம் அது கண்டறியப்பட்டு, 11 பேர் இறந்தனர். அவற்றில் ஆறு மரணங்களுக்கு அந்தத் தொற்றே காரணம் என்று முடிவாயிற்று. கிருமிகளின் மரபணு வரிசையை முழுமையாகப் படித்தபோது, அனைத்தும் முதல் நோயாளியிடமிருந்து பரவியவை என்பது தெளிவானது. வடிகால்களிலும், சுத்தம் செய்த பிறகும் ஒரு வென்டிலேட்டரிலும் அது இருந்தது. இடைப்பட்ட வாரங்களில் அது அறிகுறியே இல்லாதவர்களின் குடலில் ஓசையின்றிக் குடியிருந்தது. ஆகவே ஒருவரிடம் இத்தகைய கிருமி தொற்றாக வெளிப்பட்டால், அவரோடு அதே பிரிவில் இருந்தவர்களிடம் மலக்குடல் ஸ்வாப் எடுத்துப் பார்ப்பது தேவை. நாள்தோறும் எல்லாருக்கும் எடுக்க நம் மருத்துவமனைகளால் இயலாது. வேறு மருத்துவமனையிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டு வருபவர்களுக்கும், பக்கத்துப் படுக்கையினருக்கும் என்று வரம்பிட்டுக்கொண்டால் இயலும்.

முடிவு வரும் வரை காத்திருக்காமல் தடுப்பு நடவடிக்கைகளைத் தொடங்க வேண்டும். தனி அறை இல்லையென்றால் பாதிக்கப்பட்டவர்களை வார்டின் ஒரு மூலையில் ஒன்றாக வைத்து, அவர்களைப் பார்க்கத் தனிச் செவிலியரை அமர்த்துங்கள். கையுறை, மேலங்கி, தனி ஸ்டெதஸ்கோப், தனி இரத்த அழுத்தமானி வையுங்கள். ஒவ்வொரு படுக்கைக்கும் கை எட்டும் தூரத்தில் ஆல்கஹால் கைத் திரவம் இருக்க வேண்டும். 80 சதவீத எத்தனால் அல்லது 75 சதவீத ஐசோபுரோப்பனால் கொண்டு மருத்துவமனையிலேயே தயாரிக்க உலக சுகாதார நிறுவனம் செய்முறை தந்திருக்கிறது. ஒரு செவிலியர் இருபது நோயாளிகளைப் பார்க்கும் வார்டில், கை கழுவத் தொட்டிவரை நடந்து போகச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. 20 முதல் 30 விநாடியில் படுக்கை அருகிலேயே முடியும் வழியைக் கொடுத்துவிட்டுப் பிறகு கடைப்பிடிப்பதை எதிர்பார்ப்பதே நியாயம். கை கண்ணுக்குத் தெரியும்படி அழுக்காக இருந்தாலும், குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு இருந்தாலும் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.

மருந்துப் பயன்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள்

எதிர்ப்புக்கு எரிபொருளாவது மருந்தின் அளவு. மருந்தகக் கணக்கிலிருந்து ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும் மாதத்தில் எத்தனை கிராம் செலவானது என்று எடுத்து, உலக சுகாதார நிறுவனம் வரையறுத்த நாளளவால் (ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கான வழக்கமான அளவு) வகுத்து, ஆயிரம் நோயாளி நாட்களுக்கு எவ்வளவு என்று போடுங்கள். செஃப்ட்ரியாக்சோனின் நாளளவு 2 கிராம். ஒரு கிராம் குப்பிகள் 900 செலவாகி, அந்த மாதம் 4,500 நோயாளி நாட்கள் இருந்திருந்தால், 450 நாளளவு, அதாவது ஆயிரத்துக்கு 100. மெரோபெனெம், கொலிஸ்டின், வான்கோமைசின், பைப்பராசிலின்-டாசோபாக்டம் ஆகியவற்றை மட்டுமாவது இப்படித் தொடர்ந்து பின்பற்றினால், எதிர்ப்பு ஏறுவதற்குப் பல மாதம் முன்பே எந்தத் துறையில் பயன்பாடு ஏறுகிறது என்பது தெரியும்.

எண்கள் யாரிடம் போய்ச் சேர வேண்டும்

கண்காணிப்பு தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தரவு லேபில் திரண்டு, தர அங்கீகார ஆய்வாளர்கள் வரும் நாளுக்காகக் கோப்பில் உறங்குகிறது. இரத்தக் கல்ச்சர் பாட்டிலில் கிருமி தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் கிராம் சாய முடிவை நோயாளியைப் பார்க்கும் மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லி, அவர் திரும்பச் சொல்வதைக் கேட்டு, நேரத்தையும் பெயரையும் பதிய வேண்டும். ஒவ்வொரு வார்டுக்கும் மாதந்தோறும் ஒரே பக்கத்தில் அறிக்கை போகட்டும்: கருவி சார்ந்த தொற்று விகிதங்கள், எதிர்ப்புக் கிருமிகளின் எண்ணிக்கை, கை சுத்தம் கடைப்பிடிக்கப்பட்ட அளவு, சென்ற மாதத்தோடு ஒப்பீடு. அதை வார்டின் தலைமைச் செவிலியரிடம் நேரில் கொடுத்து ஐந்து நிமிடம் பேசுவது, பெரிய அரங்கில் முப்பது ஸ்லைடு காட்டுவதைவிடப் பயன் தருகிறது. ஆண்டு ஆன்டிபயோகிராமை அடிப்படையாகக் கொண்டு, சிறுநீர்த் தொற்று, நிமோனியா, வயிற்றுத் தொற்று, இரத்தத்தில் கலந்த தொற்று ஆகியவற்றுக்கு முதலில் தர வேண்டிய மருந்துகளை இரண்டு பக்கத்தில் எழுதி, இளம் மருத்துவர்களின் கைப்பேசியில் இருக்கும்படி செய்யுங்கள். கல்ச்சர் முடிவு வந்தவுடன் அந்த முதல் மருந்தைக் குறுகிய வீச்சுள்ளதாக, அதாவது சில வகைக் கிருமிகளை மட்டும் தாக்குவதாக, மாற்றினார்களா, தேவையில்லையென்றால் நிறுத்தினார்களா என்பதையும் மூன்றாம் நாள் செவிலியர் கேஸ் ஷீட்டில் பார்த்துக் குறிக்கட்டும்.

மருத்துவமனைக்கு வெளியேயும் இந்த எண்கள் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் முதன்மை மையங்களாக இருக்கின்றன. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் தனியாக ஒரு வலையமைப்பை நடத்துகிறது. ஆனால் இவற்றின் தரவுகள் பெரும்பாலும் பெரிய மருத்துவக் கல்லூரிகளின் மிக நோயுற்றவர்களிடமிருந்து வருபவை. மாவட்டத் தலைநகரில் உள்ள நடுத்தர மருத்துவமனையின் நிலை அவற்றில் தெரிவதில்லை. கேரளம் 2018இல் தன் மாநிலச் செயல்திட்டத்தைத் தொடங்கி, மாநில அளவிலான ஆன்டிபயோகிராமை வெளியிட்டு வருகிறது. அத்தகைய முயற்சியில் சேரும் வாய்ப்பு வரும்போது, மேலே சொன்ன முறையில் திரட்டிய மருத்துவமனையின் தரவு அப்படியே பயன்படும்.

கடைசியாக, மிகச் சிறியதாகத் தோன்றி அடிக்கடி விடுபடும் ஒரு வேலை இருக்கிறது. கார்பபெனெம் எதிர்ப்புக் கிருமியோ எம்.ஆர்.எஸ்.ஏ.வோ கண்டறியப்பட்ட நோயாளியை வேறு மருத்துவமனைக்கோ, டயாலிசிஸ் மையத்துக்கோ, முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கோ அனுப்பும்போது, எந்தக் கிருமி, எந்த மாதிரியில், எந்தத் தேதியில், எந்த மருந்துகளுக்குக் கட்டுப்பட்டது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஆம்புலன்ஸ் புறப்படும் முன் பெறும் மருத்துவமனைக்குத் தொலைபேசியிலும் சொல்ல வேண்டும். நோயாளியை எவரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக, வழக்கமான சிகிச்சை எல்லாம் அவருக்குத் தரலாம், தொடர்புவழித் தடுப்பு முறைகள் (கையுறை, மேலங்கி, கை சுத்தம்) மட்டும் தேவை என்ற ஒரு வரியையும் அதில் சேருங்கள். குடும்பத்தாரிடம், வீட்டில் சோப்பால் கை கழுவுவது போதும், அவரோடு பேசவும் உண்ணவும் தொடவும் தடையில்லை என்று தமிழில் விளக்கி, அதை எழுதியும் கொடுத்தனுப்புங்கள்.